மழைக்கு ஏற்ற மிதிவண்டி



என் ஊர் சேதராப்பட்டு. புதுச்சேரி நகரத்திற்கு வடமேற்கே, தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்த ஊர். காலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளரும் மிதிவண்டிகளில் செல்வதைக் காணலாம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அவர்களின் தொகை குறைந்துவிடும். மழைக்கு அஞ்சி வீட்டில் நிற்பவர் சிலர். வண்டி பழுதாகி நிற்பவரோ பலர். அடிக்கடி செப்பனிட வேண்டாத, எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற மிதிவண்டியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? இதனையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, தொழிற்பேட்டையில் கூலி வேலை செய்த ஒருவர் என்னிடம் வந்தார். “சார், பையனுக்குச் சைக்கிள் வாங்க வேண்டும். எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார். பல கியர்களும் பளபளப்பும் கொண்ட வண்டியொன்றை அண்மையில் கண்டு வியந்திருந்த நான், அதனையே வாங்கச் சொன்னேன். அவரும் கடன்பட்டு வாங்கினார். கார்த்திகை மாதத்து மழையில் செம்மண் சேறு கியர்ப் பகுதியில் ஏறி இறுகியது. ஓடும்போதே சங்கிலி கழன்று சிக்கிக்கொள்ள, பையன் சாலையில் விழுந்தான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அரையாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. அவன் தந்தை என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அந்தப் பொறுமையே என்னை மிகவும் வருத்திற்று. ஆராயாமல் அறிவுரை கூறியவன் நானல்லவா?

அதன் பின்னரே மிதிவண்டியைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள முற்பட்டேன். நாம் இன்று ஏறிச் செல்லும் வண்டியின் வடிவம் 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியிலிருந்து வந்தது. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்சக்கரத்தை இயக்க ஒரு சங்கிலி. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் சேர்த்தார். அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே. அதனோடு சேர்க்கும் ஒவ்வொரு புதிய உறுப்பும் ஒரு வசதியைத் தரும். பழுதாவதற்கு ஓர் இடத்தையும் தரும். அந்த வசதி நமக்கு வேண்டியதுதானா என்று கேட்டுப் பார்ப்பதே தேர்வின் முதற்படி.

கியரை எடுத்துக்கொள்வோம். மலைப்பாதையில் ஏறுவோர்க்கு அது பெருந்துணை. நம் பகுதியோ பெரும்பாலும் சமநிலம். நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் செல்லும் மாணவனுக்கு ஒற்றை வேகம் போதும். கியர் இல்லாத வண்டியில் சங்கிலியை முழுவதும் மூடும் உறையை எளிதாகப் பொருத்தலாம். மழைநீரும் மணலும் சங்கிலியை அடையாவிடில் அது நெடுங்காலம் உழைக்கும், ஆடையும் அழுக்காகாது.

அடுத்தது பிரேக். இது உயிரைக் காக்கும் உறுப்பு. சக்கரத்தின் விளிம்பை ரப்பர்க் கட்டை அழுத்தும்போது உண்டாகும் உராய்வே வண்டியை நிறுத்துகிறது. இடையில் நீர் புகுந்தால் உராய்வு குறையும். முலாம் பூசிய எஃகு விளிம்பில் இக்குறை மிகுதி. அலுமினிய விளிம்பில் குறைவு. ஆதலால் விளிம்பைப் பற்றும் பிரேக்காயின் அலுமினிய விளிம்பையே தேர்ந்தெடுங்கள். சக்கரத்தின் நடுவே மூடிய குடத்துக்குள் அமைந்த டிரம் பிரேக் கிடைத்தால் இன்னும் நன்று. மழை அதனை எளிதில் அணுகாது. எவ்வகைப் பிரேக்காயினும், மழையில் சற்று முன்னதாகவே மெல்லப் பிடித்துப் பழகுங்கள். முதற் சுற்றுகளில் விளிம்பிலுள்ள நீர் துடைக்கப்படும். பிறகே பிடிப்பு உண்டாகும்.

மூன்றாவது, மட்கார்டு. அது சக்கரத்தை நன்கு தழுவி நீண்டிருக்க வேண்டும். ஆனால் டயருக்கும் அதற்கும் இடையே ஒரு விரலேனும் நுழைய வேண்டும்; இல்லையேல் செம்மண் சேறு அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். டயர் மிக மெல்லியதாக இருத்தல் ஆகாது. சற்று அகன்ற டயர் குழிகளைத் தாங்கும்; ஈரச் சாலையிலும் நன்கு பற்றும்.

மாணவியர்க்கு ஒரு சொல். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. பெண்களுக்குரிய வண்டி கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் வண்டியிலேயே ஏறிப் பழகினார்கள். ஒருவர் கையை எதிர்பாராமல் தாமே சென்றுவர முடிந்ததே அவர்கள் அடைந்த பெரும்பேறு. மழைக்காலத்தில் நின்றுபோகும் வண்டி அந்தப் பேற்றைப் பறித்துவிடும். ஆகவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன் உறுதியைப் பாருங்கள். குறுக்குத் தண்டு தாழ்ந்த சட்டமும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்திற்கு வலைத் தடுப்பும் இருக்கட்டும்.

இறுதியாக ஒரு கேள்வி உண்டு. இந்த வண்டியை நம் தெருமுனைக் கடைக்காரர் செப்பனிட முடியுமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. நீரில் மூழ்கிய வண்டிகள் எங்கள் ஊர்க் கடையில் குவிந்தன. எளிய வண்டிகளைக் கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்து, குண்டுகளைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, அன்று மாலையே ஓட விட்டார். நுட்பமான உறுப்புகள் கொண்ட சில வண்டிகளோ சாமானுக்காகப் பல நாள் சுவரில் சாய்ந்திருந்தன. “சார், வேலை எனக்குத் தெரியும், சாமான்தான் இங்கே கிடைப்பதில்லை” என்றார் அவர். நல்ல பொருளாயினும், உதிரி உறுப்பு அருகில் கிடைக்காவிடில் நமக்குப் பயன்படாது.

பராமரிப்பே வேண்டாத வண்டி உலகில் இல்லை. இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துரு உண்டாகும். கடலோரத்து உப்புக் காற்று அதனை விரைவுபடுத்தும். நனைந்து வந்ததும் பழந்துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை காற்றின் அளவைப் பாருங்கள். சங்கிலிக்குச் சில சொட்டு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். மிகுந்த எண்ணெயில் மணல் ஒட்டி அரம்போல் தேய்த்துவிடும். பத்து நிமிடங்கள் போதும்.

கை முறிந்த அந்த மாணவன் பின்னர் நன்றாகப் படித்துத் தேறினான். இப்பொழுது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு தன் தங்கைக்கு வண்டி வாங்க என்னையும் கடைக்கு அழைத்துச் சென்றான். நான் வாய் திறக்கவில்லை. அவனே குனிந்து மட்கார்டுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தான். பட்டு அறிந்தவன் அவன். நீங்களோ கேட்டே அறிந்துகொள்ளலாம். வெயில் நாளில் கடைக்குச் சென்றாலும், மழைநாளை மனத்தில் வைத்தே மிதிவண்டியை வாங்குங்கள்.