ஆடுறது டேபிளா, தரையா? பீரோவையும் ஒருமுறை தள்ளிப் பாருங்க!

பாளையங்கோட்டையில் நான் இருக்கும் வாடகை வீட்டில், லேப்டாப்பில் எண்டர் தட்டும்போதெல்லாம் டேபிள் ‘டக்’கென்று ஒரு பக்கம் சாயும். “ஒரு தாளை மடிச்சு வையேன்” என்றார் அம்மா. வைத்தேன். மாப் போட்ட தண்ணியில் நனைந்து இரண்டே நாளில் கூழாகிவிட்டது. மறுபடியும் டக். டேபிள் ஆடினால் காபி கொட்டும், அவ்வளவுதான். பீரோ ஆடினால் விஷயமே வேற.

நாலாவது கால்தான் வில்லன்

மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். அதனால்தான் முக்காலி மேடு பள்ளத்திலும் ஆடாது. நாலாவது கால் வந்ததும் அது அந்தத் தளத்தைத் தொடணும் என்ற கட்டாயம் இல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் உள்ள பழைய வீடுகளில் இது ஒரு பிரச்னையாகவே இருந்திருக்காது. சாப்பாடு தரையில், தூக்கம் பத்தமடைப் பாயில், சாமான்கள் சுவர் மாடத்தில். அதே தரையில்தான் இப்போது டைனிங் டேபிளும் வாஷிங் மெஷினும் நிற்கின்றன. போதாததற்கு, தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வேண்டுமென்றே ‘வாட்டம்’ கொடுத்த இடங்களும் உண்டு.

முதலில் குற்றவாளி யாரென்று பாருங்க. டேபிளை அறையின் வேறு மூலைக்கு நகர்த்துங்க. அங்கேயும் அதே கால் தூக்கினால் கோளாறு காலில். வேறு கால் தூக்கினாலோ, ஆட்டம் நின்றாலோ தரைதான் காரணம்.

தரை என்றால் ஒரு ஜாலியான வழி இருக்கு: டேபிளை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றுங்க. நாலு காலும் ஒரே நீளம் கொண்ட சதுர டேபிளை, கால் சுற்றுக்குள் ஏதாவது ஓரிடத்தில் ஆடாமல் நிறுத்த முடியும் என்று 2005-ல் வெளியான ஒரு கணித ஆய்வு நிரூபித்தது. சரிவு 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தரையும் தொடர்ச்சியாக இருக்கணும். ஒரு டைல்ஸ் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் கணிதம் கைவிட்டுவிடும். ஆட்டம் நின்றாலும் மேல்பலகை மட்டமாக இருக்கும் என்றும் உத்தரவாதம் இல்லை.

தாளுக்குப் பதிலாக மைக்கா துண்டு வைக்கலாம். தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்டதே போதும். ஒரு துண்டு ஏறக்குறைய 1 மி.மீ. கனம், தேவைக்கு அடுக்கி ஒட்டிக்கொள்ளலாம், அமுங்காது, ஊறாது. வாஷிங் மெஷினுக்கு முட்டுக் கொடுக்கவே வேண்டாம். அடியில் உள்ள காலைத் திருகினால் ஏறி இறங்கும். திருகிய பிறகு மேலே இருக்கும் லாக் நட்டை இறுக்க மறந்தால், ஸ்பின் ஓடும் அதிர்வில் பழையபடி ஆகிவிடும்.

பீரோவில் விளையாட வேண்டாம்

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தண்ணீரில் ஊறிய பார்ட்டிகிள் போர்டு உப்பினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. ஸ்டீல் பீரோவின் கால் அடியிலிருந்து துருப்பிடித்துக்கொண்டே வரும். ‘அடுத்த மழைக்கு ஆகும்’ என்று பீரோவுக்கு அடியில் செங்கல் வைப்பதும் உண்டு. உயரம் கூடும்போது அது சாய்வதும் சுலபமாகிறது. செங்கல் ஒன்று உடைந்தாலோ நகர்ந்தாலோ போச்சு.

பீரோ கதவு உரசினால் கீலைத் தட்டாதீங்க, முதலில் காலைப் பாருங்க. ஒரு கால் தாழ்ந்தாலே சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு ஏறி இறங்கி நிற்கும். பீரோவைக் காலி செய்துவிட்டு, ரசமட்டம் வைத்து (போன் ஆப்பும் ஓகே) சரி செய்யுங்க. முன்கால்கள் ஒரு நூல் உயரமாக இருந்து, பாரம் சுவர்ப் பக்கம் சாய்வது நல்லது.

குழந்தை இருக்கும் வீட்டில் இது மட்டும் போதாது. இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறினால் தட்டையான தரையிலும் அலமாரி கவிழும். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி இறந்த பிறகு, 2016-ல் ஐக்கியா 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. மேல்பகுதியை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைப்பதுதான் வழி. ஸ்க்ரூ பூச்சில் மட்டும் நிற்காமல், பிளக்கோடு செங்கல் வரை இறங்கணும்.

“சுவத்துல ஓட்டை போடக் கூடாது” என்கிற ஹவுஸ் ஓனரிடம், காலி செய்யும்போது பட்டி வைத்து அடைத்துத் தருகிறேன் என்று இப்போதே பேசிவிடுங்க. அதுவரை கனமான சாமானைக் கீழ்த்தட்டில் வையுங்க, பீரோ மேல் இருக்கும் சூட்கேஸை இறக்கிடுங்க.

என் டேபிளுக்கு மூணு மைக்கா துண்டு ஆச்சு. இந்தக் கட்டுரையை அதில்தான் டைப் செய்தேன்.