பெயருக்கு வாரிசாக இருந்த சாமுராய்

ஜப்பான் வரலாற்றில் ஓடா நொபுநாகாவின் பெயர் மிகப் பிரபலம். சிதறிக் கிடந்த நாட்டை வாள் முனையில் ஒன்று சேர்க்கத் தொடங்கியவர் அவர். ஆனால் அவருடைய பேரன் ஹிதேநொபுவைப் பற்றி அறிந்தவர்கள் வெகு சிலரே. அரசாளும் வாரிசு என்று ஊரறிய அறிவிக்கப்பட்டு, 25 வயதில் அநாதையைப் போல் மாண்ட இளைஞர் அவர்.

ஒரே நாளில் இரு சாவு

1582-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி. கியோட்டோ நகரில் ஹொன்னோஜி என்ற புத்த ஆலயத்தில் நொபுநாகா தங்கியிருந்தார். அவருடைய தளபதி அகெச்சி மித்சுஹிதே துரோகம் செய்து ஆலயத்தை வளைத்துக் கொண்டான். தப்ப வழியின்றி நொபுநாகா தற்கொலை செய்து கொண்டார். அதே நகரில் இருந்த மூத்த மகன் நொபுதாதாவும் அன்றே உயிர் துறந்தார்.

நொபுதாதாவின் பிள்ளைதான் ஹிதேநொபு. அப்போது அவருக்கு ஜப்பானியக் கணக்குப்படி வயது 3. சன்போஷி என்பது குழந்தைப் பெயர்.

துரோகியைப் போரில் முறியடித்தவர் ஹிதேயோஷி என்ற மற்றொரு தளபதி. எளிய குடும்பத்தில் பிறந்து உயர்ந்தவர். அடுத்த தலைவர் யார் என்று முடிவு செய்ய, கியோசு கோட்டையில் மூத்த தளபதிகள் கூடினார்கள். நொபுநாகாவுக்கு வளர்ந்த பிள்ளைகள் வேறு இருந்தார்கள். ஆனாலும் ஹிதேயோஷி, "மூத்த மகனின் மகனுக்கே உரிமை" என்ற கட்சியை எடுத்தார். அவர் பேச்சே எடுபட்டது.

வளர்ந்த பிள்ளை பட்டத்துக்கு வந்தால் கட்டளை இடுவான். மூன்று வயதுக் குழந்தை என்ன கட்டளை இடும்? ஹிதேயோஷியின் கணக்கு அதுதான்.

பெயரிலேயே அடையாளம்

அடுத்த ஆண்டே, எதிர்த்து நின்ற தளபதி ஷிபாதா கட்சுயியே போரில் தோற்று மாண்டார். குழந்தையின் சித்தப்பா நொபுதாகாவும் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். 1590-ல் ஜப்பான் முழுவதும் ஹிதேயோஷியின் கைக்குள் வந்துவிட்டது. வாரிசின் உரிமையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

வளர்ந்த சன்போஷிக்கு ஹிதேநொபு என்று பெயர் வந்தது. "நொபு" என்பது ஓடா வம்சத்தின் சொத்து. "ஹிதே" என்பது ஹிதேயோஷி கொடுத்தது. ஹிதே முன்னே, நொபு பின்னே! யார் எஜமானர் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்தது.

1592-ல் அவருக்குத் தாத்தாவின் பழைய கோட்டையான கிபு கிடைத்தது. ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் கோக்கு நெல் விளையும் சீமை. ஒரு கோக்கு என்பது ஒரு மனிதனின் ஓராண்டுச் சாப்பாட்டு அரிசி. நாட்டுக்கே உரிமை பெற்றவருக்கு ஒரு சீமை மிஞ்சியது.

1595-ல் ஹிதேநொபு கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார். பிறர் சொல்லி ஆடிய வாழ்க்கையில், அவராகச் செய்த முடிவுகளில் அது ஒன்று.

கடைசிப் போர்

1598-ல் ஹிதேயோஷி இறந்தார். நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கிழக்கே டோகுகாவா இயேயாசு. மேற்கே இஷிதா மித்சுநாரி. ஹிதேநொபு மேற்குக் கட்சியில் சேர்ந்தார். கோட்டைக்குள் இருந்தே போராடலாம் என்று மூத்தவர்கள் சொன்னதாகவும், அவர் கேட்காமல் கிசோ ஆற்றங்கரைக்குப் படை நடத்தியதாகவும் சொல்வார்கள்.

1600-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஆற்றங்கரைப் போரில் தோல்வி. மறுநாளே ஃபுகுஷிமா மசாநோரியும் இகேதா தெருமாசாவும் கிபு கோட்டையை ஏறிப் பிடித்தார்கள். தெருமாசா முன்பு அதே கோட்டைக்கு அதிபதியாக இருந்தவர். அந்த மலை அவருக்குப் பழக்கமானது. தவிர, கியோசு கூட்டத்தில் குழந்தையை ஆதரித்த தளபதி இகேதா ட்சுனேயோகியின் மகன்!

சரணடைந்த ஹிதேநொபு, தலையை மழித்துக்கொண்டு கோயா மலை மடத்துக்குப் போனார். அங்கேயும் நிம்மதி இல்லை. 1581-ல் கோயா மலைத் துறவிகள் பலரைக் கொன்றவர் நொபுநாகா. தாத்தா செய்த வினை பேரன் தலையில் விடிந்தது. மடத்தில் அவருக்கு முகம் கொடுப்பார் இல்லை. 1605-ல் அந்த மலையை விட்டு இறங்கிய சில நாட்களில் அவர் காலமானார்.

கூரையில் ரத்தம்

கிபு கோட்டை கலைக்கப்பட்டு, அதன் பொருள்கள் புதிய கானோ கோட்டைக்குப் போயின. இன்று மலை உச்சியில் நிற்பது 1956-ல் கட்டிய கான்கிரீட் கோட்டை.

அதே நகரில் சோஃபுகுஜி என்ற புத்த ஆலயம் இருக்கிறது. அதன் கூரையில் கறை படிந்த பலகைகள் உள்ளன. ஹிதேநொபுவுக்காகப் போராடி மாண்ட வீரர்களின் ரத்தம் தோய்ந்த கோட்டைத் தரைப் பலகைகள் அவை என்கிறார்கள். யாரும் மிதிக்கக் கூடாது என்பதற்காகக் கூரையில் பதித்தார்களாம்.

பெரிய தளபதிகளுக்கு அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் தேவைப்பட்டது. அவருக்காக உயிரைக் கொடுத்தவர்கள், ஊர் பேர் தெரியாத அந்தக் காவல் வீரர்களே.