பசும்புல் நடுவே பட்டினி

மேய்வதற்குப் புல் ஏராளம். குடிக்கத் தண்ணீருக்குக் குறைவில்லை. தொற்றுநோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் ஆடு நாளுக்கு நாள் மெலிகிறது. அதன் கண்களில் நீர் வடிகிறது. இமையின் உட்புறம் சிவப்பு மங்கி வெளுக்கிறது. புல்லைக் கண்டாலும் தின்ன மனம் வருவதில்லை. முடிவில் எலும்பும் தோலுமாகி, பசும்புல்லின் நடுவிலேயே விழுந்து இறந்துபோகிறது.

இது கதையன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகின் பல பகுதிகளில் ஆடு மாடு வளர்த்தவர்கள் கண்ணீருடன் கண்ட காட்சி. இந்தப் பட்டினிக்குக் காரணம் என்ன? அதைக் கண்டுபிடித்த வரலாற்றில் கால்நடை மருத்துவர், வேதியியலார், இயற்பியலார் ஆகிய எல்லோருக்கும் பங்கு உண்டு.

ஒரு நோய், பல பெயர்கள்

தென் ஆஸ்திரேலியாவின் கடலோர மணற்பகுதியில் இதற்குக் 'கடற்கரை நோய்' என்று பெயர். நியூசிலாந்தின் எரிமலைச் சாம்பல் படிந்த நிலங்களில் 'புதர் நோய்' என்றார்கள். ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள குன்றுகளில் 'வாட்ட நோய்' என்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 'டென்மார்க் நோய்' என்பது பெயர். ஐரோப்பாவிலுள்ள டென்மார்க் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் டென்மார்க் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது.

1920-களில் அந்த ஊரைச் சுற்றிலும் பிரிட்டனிலிருந்து வந்த குடும்பங்கள் அரசின் திட்டப்படி குடியேறின. வானளாவிய மரங்களை வெட்டிச் சாய்த்து, வேர்களைப் பறித்து, புல் விதைத்து, பால் மாடுகளை வாங்கினார்கள். புல் நன்றாகவே வளர்ந்தது. மாடுகள்தாம் வளரவில்லை. அவை மெலிந்து மடிந்தன. கையிலிருந்ததையெல்லாம் நிலத்தில் போட்ட பலர் வெறுங்கையுடன் அந்த ஊரைவிட்டு வெளியேறினர்.

இதில் இரண்டு விசித்திரங்கள் இருந்தன. நோயுற்ற கால்நடையைச் சில மைல் தொலைவிலுள்ள வேறு மண்ணில் சில மாதங்கள் மேயவிட்டால் அது தானாகவே தேறிவிடும். பழைய இடத்துக்குத் திரும்பினால் மீண்டும் மெலியும். எனவே குறை மண்ணில் இருக்கிறது என்பது தெளிவு. இரண்டாவது விசித்திரம், அதே நிலத்தில் மேய்ந்த குதிரைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆடும் மாடும் மடியும் இடத்தில் குதிரை மட்டும் கொழுத்திருப்பானேன்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து பலித்தது, காரணம் தவறு

நோயுற்ற கால்நடைகளுக்கு இரத்தச்சோகை இருந்தது. இரத்தச்சோகை என்றதும் இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்வது இயல்புதானே? நியூசிலாந்து வேளாண்மைத் துறையின் வேதியியலார் பெர்னார்ட் ஆஸ்டன் அவ்வாறே கருதினார். லிமோனைட் என்ற மஞ்சள் கலந்த பழுப்பு நிற இரும்புத் தாதுவைப் பொடி செய்து கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள். அவை பிழைத்துக்கொண்டன! இரும்புக் குறைவே நோயின் காரணம் என்ற முடிவு அசைக்க முடியாததாகத் தோன்றியது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் எரிக் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் இந்த முடிவைச் சற்றே தட்டிப் பார்த்தார்கள். லிமோனைட் டென்மார்க் நோயையும் குணப்படுத்தியது உண்மை. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு, உடலுக்கு வேண்டிய இரும்பைப் போலப் பல மடங்காக இருந்தது. ஒரே அளவு இரும்பு கொண்ட வெவ்வேறு பொருள்கள் ஒரே அளவு பயன் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயால் இறந்த மாட்டின் கல்லீரலைச் சோதித்தபோது அதில் இரும்பு குறைவாக இல்லை, மிகுதியாகவே இருந்தது! இரும்பு நிறைந்த உடல் இரும்புப் பஞ்சத்தால் எப்படிச் சாகும்?

அவர்கள் செய்த சோதனை மிக எளிய சிந்தனையில் பிறந்தது. லிமோனைட்டை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்த இரும்பைப் பிரித்து நீக்கினார்கள். எஞ்சியதை மட்டும் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள். இரும்பு இல்லாத அந்த எச்சமும் நோயைக் குணப்படுத்தியது! ஆக, மருந்து இரும்பன்று. இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஓர் அசுத்தம்!

அந்த எச்சத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். 1935-இல் விடை கிடைத்தது. அந்தப் பொருள் கோபால்ட். அதே ஆண்டில், தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஹெட்லி மார்ஸ்டன், லைன்ஸ் ஆகியோரும் தனியாக ஆராய்ந்து, கடற்கரை நோய்க்குக் கோபால்ட் மருந்தாகும் என்று கண்டறிந்தனர். அந்தக் கடலோர மணலில் கோபால்ட்டுடன் செம்பும் குறைவாக இருந்தது என்பது பின்னர் விளங்கிற்று.

கோபால்ட் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள், உருக்கினால் நல்ல உலோகம் தராமல் நச்சுப்புகையை மட்டும் தந்த ஒரு தாதுவைக் குட்டிச்சாத்தானின் வேலை என்று நம்பினார்கள். அவர்கள் மொழியில் குட்டிச்சாத்தானுக்குக் 'கோபோல்ட்' என்று பெயர்! அந்தச் சாத்தானே பிற்காலத்தில் ஆடுகளைக் காத்த தெய்வமாயிற்று.

எவ்வளவு வேண்டும்?

ஆட்டின் தீவனத்தில் ஈரம் போக எஞ்சும் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் கோபால்ட் இருந்தால் போதும். அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு! பத்து டன் உலர்ந்த புல்லை ஒரு லாரியில் ஏற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை புல்லிலும் இருக்க வேண்டிய கோபால்ட் ஒரே ஒரு கிராம்தான். அந்த ஒரு கிராம் இருந்தால் ஆடு வாழும். கால் கிராமாகக் குறைந்தால் ஆடு வாடும்.

இவ்வளவு சிறிய அளவு எப்படிப் பயன்படும் என்று ஐயுற வேண்டாம். 0.1 மில்லிகிராம் கோபால்ட்டில் எத்தனை அணுக்கள் இருக்கும்? அதன் அணு எடை 59. அவோகாட்ரோ எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி கோடி அணுக்கள் என்று விடை வரும். நம் தராசுக்குத்தான் அது சிறிது. உடலின் உயிரணுக்களுக்கு அது பெரிய செல்வம்.

ஊசி ஏன் பலிக்கவில்லை?

இங்கே ஒரு புதிய புதிர் முளைத்தது. கோபால்ட் உப்பை வாய்வழியே கொடுத்தால் ஆடு பிழைத்தது. அதையே ஊசியாக இரத்தத்தில் செலுத்தினால் பயன் இல்லை. மற்ற மருந்துகளுக்கு ஊசிதானே விரைவான வழி? இங்கு மட்டும் ஏன் தலைகீழ்?

விடை முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. மனிதருக்கு வரும் கொடிய இரத்தச்சோகை ஒன்றுக்குக் கல்லீரலை உண்பது மருந்தாகும் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் 1926-இல் காட்டியிருந்தனர். கல்லீரலில் உள்ள அந்த மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1948-இல் அமெரிக்காவில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினரும், இங்கிலாந்தில் லெஸ்டர் ஸ்மித் குழுவினரும் அதைச் சிவந்த படிகங்களாகப் பிரித்தனர். அதுவே வைட்டமின் பி12. அதனுள் கோபால்ட் இருந்தது!

வைட்டமின் பி12-ஐ ஆடும் மாடும் மனிதனும் தம் உடலில் உருவாக்க இயலாது. செடிகொடிகளும் அதைச் செய்வதில்லை. சில நுண்ணுயிர்களே செய்கின்றன. அசைபோடும் விலங்கின் நான்கு அறைகள் கொண்ட வயிற்றில், ரூமன் எனப்படும் பெரிய முதல் அறை ஒரு நுண்ணுயிர்த் தொழிற்சாலை. புல்லில் வரும் கோபால்ட்டைக் கொண்டு அங்குள்ள பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12-ஐச் செய்து ஆட்டுக்குத் தருகின்றன. ஊசி வழியே போன கோபால்ட் அந்தத் தொழிற்சாலைக்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. மூலப்பொருளை வாசலில் கொட்டாமல் ஊருக்கு வெளியே கொட்டினால் ஆலை எப்படி ஓடும்? ஆனால் ஆலையில் செய்து முடித்த சரக்கை, அதாவது வைட்டமின் பி12-ஐயே ஊசியாகப் போட்டால் கோபால்ட் குறைந்த ஆட்டுக்குட்டிகள் தேறுகின்றன என்பது 1951-இல் உறுதியாயிற்று.

குதிரைப் புதிரும் இப்போது அவிழ்கிறது. ஆடும் மாடும் புல்லிலிருந்து சர்க்கரையை நேராகப் பெறுவதில்லை. ரூமனில் புல் நொதித்து உண்டாகும் அமிலங்களே அவற்றின் எரிபொருள். அவற்றுள் புரோப்பியானிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோசாக மாற்ற வைட்டமின் பி12 இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது, பசி மடிகிறது, விலங்கு தீவனத்தின் நடுவே பட்டினி கிடக்கிறது. ரூமன் இல்லாத குதிரைக்கு இந்தத் தேவை மிகக் குறைவு.

எக்ஸ் கதிர் காட்டிய உருவம்

வைட்டமின் பி12-இன் ஒரு மூலக்கூறில் 181 அணுக்கள் உள்ளன. அவற்றுள் கோபால்ட் அணு ஒன்றே ஒன்று. இத்தனை அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதைச் சோதனைக்குழாயால் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் அந்தச் சிவப்புப் படிகங்களின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் படமெடுத்தார். எலெக்ட்ரான்கள் மிகுந்த அணு எக்ஸ் கதிர்களை வலுவாகச் சிதறடிக்கும். கார்பனில் 6 எலெக்ட்ரான்கள், கோபால்ட்டில் 27. எனவே கூட்டத்தில் உயரமான மனிதரைப்போல் கோபால்ட் அணு தனித்துத் தெரிந்தது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டு மற்ற அணுக்களின் இடங்களைக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவிலிருந்த ஒரு கணிப்பொறியும் உதவியது. 1956-இல் முழு உருவமும் வெளியாயிற்று. 1964-இல் ஹாட்ஜ்கினுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றுக்குள் ஓர் உருண்டை

காரணம் தெரிந்துவிட்டது, இனி வைத்தியம். கோபால்ட்டை ஒரே நாளில் நிறையக் கொடுத்துச் சேமிக்க முடியாது. ரூமனில் கரைந்தது விரைவில் வெளியேறிவிடும். பரந்த மேய்ச்சல் வெளியில் ஆயிரக்கணக்கில் திரியும் ஆடுகளை வாரந்தோறும் பிடித்து மருந்து புகட்டுவது நடக்கிற காரியமா?

இங்கே கைகொடுத்தது உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் அடர்த்தி. மாடு தீவனத்துடன் ஆணியையோ கம்பித் துண்டையோ விழுங்கினால், அது தேனடை போன்ற சுவர் கொண்ட இரண்டாவது அறையில் விழுந்து தங்கிவிடும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். தீவனமும் நீரும் கலந்த கூழின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியது. அதைவிடப் பல மடங்கு அடர்த்தியான பொருள் அடியில் தங்கும். அசைபோடும்போது மேலே வராது. இந்தத் தொல்லையையே உதவியாக மாற்றினர் மார்ஸ்டனும் அவருடைய துணைவர்களும். கோபால்ட் ஆக்சைடைக் களிமண்ணுடன் சேர்த்துச் சுட்டுக் கெட்டியான சிறு உருண்டை செய்து ஆட்டை விழுங்கச் செய்தார்கள். 1958-இல் இம்முறை வெளியிடப்பட்டது.

நீங்களே கணக்கிடுங்கள். உருண்டையில் 3 கிராம் கோபால்ட் இருந்து, நாளுக்கு 1 மில்லிகிராம் வீதம் கரைந்தால் 3000 நாள்கள் வரும். எட்டு ஆண்டுகளுக்கும் மேல்! ஆனால் இயற்கை எளிதில் விட்டுக்கொடுக்குமா? சில ஆடுகளில் உருண்டையின் மீது கால்சியம் பாஸ்பேட் படிந்து கரைவதைத் தடுத்தது. அதற்கும் வழி கண்டார்கள். உருண்டையுடன் ஒரு சிறிய எஃகுத் திருகையும் உள்ளே அனுப்பினார்கள். வயிறு அசையும்போதெல்லாம் இரண்டும் உராய்ந்து, படிந்த பொருள் தேய்ந்து போயிற்று.

நாம் கற்பது

நம் ஊர்க் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் தாது உப்புக் கலவைப் பொட்டலத்தின் மீது அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், செம்பு ஆகியவற்றுடன் மிகச் சிறிய அளவில் கோபால்ட்டும் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் டென்மார்க் குடியேறிகளின் கண்ணீர் இருக்கிறது. அளவு மிஞ்சினால் கோபால்ட்டும் நஞ்சு என்பதால், அந்த எண்ணை வல்லுநர்கள் கருத்துடன் வரையறுத்திருக்கிறார்கள்.

லிமோனைட் உண்மையிலேயே ஆடுகளைக் காப்பாற்றிற்று. அதனால் இரும்புக் கொள்கை உண்மையாகிவிடவில்லை. அதோடு திருப்தி அடைந்திருந்தால், கோபால்ட் இல்லாத வேறோர் இரும்புத் தாதுவைக் கொடுத்தவர்களின் ஆடுகள் செத்துக்கொண்டே இருந்திருக்கும். ஏன் என்று யாருக்கும் விளங்கியிராது. ஒரு மருந்து பலித்தது என்று கேள்விப்படும்போது மகிழுங்கள். மகிழ்ந்த பின், அதிலுள்ள எந்தப் பொருளால் பலித்தது, அதை நீக்கிவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.