வன்தட்டின் பெயரும் மொழிபெயர்ப்பும்

எமது கல்லூரி மலரின் பழைய இதழ்களைப் படியெடுத்து ஒரு வன்தட்டிற் சேமித்தோம். பிறிதொரு தட்டைத் துடைத்துப் பயன்படுத்த முற்பட்ட வேளை, கணினித் திரையில் இரண்டிற்கும் ஒரே பெயர் தோன்றிற்று. எதனைத் துடைப்பது?

இக்குழப்பம் மொழிபெயர்ப்பாற் பிறந்தது. தட்டு அறிந்தது ஏ.ரி.ஏ. என்னும் கட்டளை மொழி. 'நீ யார்?' எனின் அது 512 பைற்று அளவில் விடை தரும். அதில் மாதிரிப் பெயருக்கு 40 எழுத்து, தொடரெண்ணுக்கு 20. கணினியோ பெரும்பாலும் ஸ்கசி மொழியில் வினவும். ஸ்கசி விடையில் உற்பத்தியாளர் பெயருக்கு 8 இடமும் பொருட்பெயருக்கு 16 இடமுமே உள. 2007இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு நியமம், முன்னையதில் 'ஏ.ரி.ஏ.' என்றே எழுதிவிட்டு, பின்னையதில் மாதிரிப் பெயரின் முதற் 16 எழுத்தை மாத்திரம் இடுகின்றது. எஞ்சிய 24 இடத்தில் உள்ளவை உதிர்கின்றன. பெயரைப் பாதியில் வெட்டும் மாணவனை வகுப்பில் நான் மன்னியேன்!

இன்னுமொரு விந்தை: ஏ.ரி.ஏ. விடையில் எழுத்துக்கள் இவ்விரண்டாக இடம் மாறி நிற்கும். 'புங்குடுதீவு' ஆங்கு 'ங்புடுகுவுதீ' ஆகும். அதனை நேராக்குதலும் மொழிபெயர்ப்பாளன் கடனே.

தொடரெண் ஸ்கசியிலும் தனிப் பக்கமொன்றில் வெட்டுப்படாது கிடைக்கும். அதனைக் கேட்டறிந்து, தட்டின்மேல் ஒட்டிய சீட்டோடு ஒப்பிட்ட பின்னரே துடைத்தோம்.