பக்கிள் உதிர்ந்தால் சப்பாத்து முடிந்ததா?



பெருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். மகளின் சப்பாத்தை அலுமாரியிலிருந்து எடுக்கிறீர்கள். ஒன்றில் பக்கிளைக் காணவில்லை. மற்றதில் கறுத்துப் போயிருக்கிறது. பிள்ளையின் முகம் வாடுகிறது. புதுச் சோடி வாங்குவதா? 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கண்ட குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வியல்ல.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஹட்டனிலும் மழைக்கும் பனிக்கும் குறைவில்லை. இந்த ஈரம் பக்கிளின் மேல்பூச்சில் விழுந்த கீறல் வழியே உள்ளே இறங்குகிறது. காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு, துருப்பிடிக்கும். பித்தளையானால் காந்தம் ஒட்டாது, களிம்பைத் துடைத்தெடுக்கலாம். தேசிக்காய்ச் சாறு தோலில் படாதபடி பக்கிளைக் கழற்றியே துலக்குங்கள். பூச்சு உரிந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது; மாற்றுவதே வழி.

ஒன்று தொலைந்து அதற்குச் சோடி கிடைக்காவிட்டால் இரண்டையுமே மாற்றுங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய மினுமினுப்பான பக்கிளை அகற்றிச் சாதாரணமானதைத் தைத்தால், அதே சப்பாத்தை மற்ற நாட்களிலும் போடலாம். தைக்கும் இடத்தில் உட்புறமாகச் சிறு தோல் துண்டு வையுங்கள். நூல் தோலைக் கிழிக்காது. கொக்கி வளைந்திருந்தால் துணி சுற்றிய குறட்டால் மெதுவாக நிமிர்த்துங்கள். நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள்.

ரிவெட் அடிக்கும் வேலையைத் தெருவோரத்தில் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுங்கள். வயதில் மூத்தவராயிருந்தும் அவரை 'வா, போ' என்று பேசுகிறவர்கள் நம்மிலும் உண்டே! நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது முஸ்னத் அஹ்மதில் உள்ளது. வார் அறுந்தால் அதைச் சீர்செய்யும்வரை ஒற்றைச் செருப்போடு நடக்க வேண்டாம் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எறிந்துவிடச் சொல்லவில்லை; சீர்செய்யச் சொன்னார்கள். அந்த உத்தமரின் கை செய்த வேலையைச் செய்பவர் எப்படித் தாழ்ந்தவராவார்?

ஆகவே, கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுங்கள். வீட்டில் தைக்கும்போது மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தைத்த சப்பாத்தைப் போட்டு நடப்பதில் வெட்கமில்லை என்பதை அவள் உங்கள் கையைப் பார்த்தே கற்றுக்கொள்வாள்.