மலைப் பாதைக்கு டயர் வாங்கும்போது

வீடு ஓரிடம், விளைநிலம் வேறிடம் என்றாகிவிட்ட குடும்பங்கள் மலையகத்தில் இன்று பல. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் இடம் மாற்றப்பட்டவர்கள், மண்சரிவு அபாயம் என்று லயங்களை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மண்சரிவுகளில் வீடிழந்தவர்கள் எனக் காரணங்கள் வேறுபடலாம். ஆனால் புதிய இடத்திலிருந்து பழைய மரக்கறித் தோட்டத்துக்குப் போய்வரவும், கரட், லீக்ஸ், கோவா மூடைகளைச் சந்தையில் சேர்க்கவும், பிள்ளைகளைப் பாடசாலையில் விடவும் ஒரு பழைய காரோ சிறிய வேனோ தேவைப்படுகிறது. அந்த வாகனத்துக்கு டயர் மாற்ற வேண்டிய நாள் வரும்போது நாம் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே மலிவு?" என்பதுதான். கையில் காசில்லாத நிலையில் அது நியாயமான கேள்வியே. என்றாலும் அதற்கு முன்பு கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் உண்டு: இந்த டயருக்கு வயது என்ன? இது எவ்வளவு பாரம் தாங்கும்? இரண்டுக்கும் விடை கடைக்காரர் வாயில் அல்ல, டயரின் பக்கச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் வயதைப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் ஆங்கில எழுத்துக்களில் டி, ஓ, டி என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் முடிவில் சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3518 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சில டயர்களில் இந்த இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். கடையில் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி அடுக்கியிருந்தால் வெளியே எடுத்துக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

வயதில் என்ன இருக்கிறது, பள்ளங்கள் ஆழமாகத்தானே இருக்கின்றன என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இறப்பர் காற்றும் வெயிலும் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிவிடும். ஓடாமல் கடையில் கிடந்தாலும் இறுகும். இறுகிய இறப்பர் நனைந்த தாரைப் பற்றிப் பிடிக்காது. குளிரில் மேலும் விறைக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகள் இந்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களைச் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டனிலிருந்து கீழிறங்கும் பாதை நாட்கணக்கில் காய்வதில்லை. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நானுஓயாவிலிருந்து ரதெல்ல குறுக்குப் பாதையில் இறங்கும்போது நீங்கள் பிரேக்கை அழுத்தினால், குடும்பம் முழுவதையும் நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கைகளே. பிரேக் புதியதாக இருந்தும் டயர் வழுக்கினால் பயனில்லை.

டயர் ஐந்து வருடத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்றும், பத்து வருடத்துக்கு மேல் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாவிக்கக்கூடாது என்றும் டயர் உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். எமது பாதைகளுக்கும் மழைக்கும் பத்து என்பது அதிகம். ஆறேழு வருடத்தில் மாற்றிவிடுவதே நல்லது என்பது எமது கருத்து.

இனி, ஜப்பானில் கழற்றி இங்கு விற்கப்படும் பாவித்த டயர்களைப் பற்றி. புதிய டயரின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைப்பதால் பலர் இவற்றை நாடுகின்றனர். எல்லாமே கூடாதவை என்று சொல்வதற்கில்லை. மூன்று நான்கு வருட வயதுள்ள, ஒட்டுப் போடாத டயர் அகப்பட்டால் வாங்கலாம். ஆனால் அவற்றுள் பனிக்கால டயர்கள் கலந்து வரக்கூடும். கட்டைகளின் மேல் கத்தியால் கோடு கிழித்தாற்போல் நெருக்கமான மெல்லிய வெட்டுக்கள் இருந்தால், அல்லது பக்கத்தில் மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருந்தால் அது பனிப் பாதைக்கானது. நுவரெலியாவும் குளிர்தானே என்று சிலர் விரும்பி வாங்குவதுண்டு. நுவரெலியாவில் துகள்பனி விழும், ஆனால் பாதையில் பனிக்கட்டி படிந்து கிடப்பதில்லை. மென்மையான அந்த இறப்பர் எமது தாரில் விரைவாகத் தேயும். நனைந்த பாதையில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரைவிடத் தூரம் சென்றே நிற்கும்.

மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறி, கறுப்பு மை பூசி விற்பவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. நல்ல டயரின் பெரிய பள்ளங்களுக்கு அடியில், குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமானால் ஆயுள் முடிந்தது என்பதே அதன் பொருள். கீறிய டயரில் இந்த மேடுகளும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். மேட்டைக் காணவில்லை என்றால் டயரை வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் வாகனத்தில் இப்போது ஓடும் டயரையும் வீட்டிலேயே அளக்கலாம்: விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைப் பள்ளத்தில் நிறுத்தி, நகத்தால் அடையாளமிட்டு, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். 1.6 வரை காத்திருக்காமல் மூன்று மில்லிமீற்றரிலேயே மாற்றுவதற்கு ஆயத்தமாவது மழைப் பிரதேசத்துக்குப் பொருந்தும்.

இரண்டாவது கேள்வி பாரம். மரக்கறி ஏற்றுபவர்கள் இதைச் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும். சுசுகி எவ்ரி போன்ற சிறிய வேனுக்கும் ஆல்ட்டோ போன்ற காருக்கும் 12 அங்குல ரிம்தான். கார் டயர் வேனின் ரிம்மில் ஏறும். ஆனால் காருக்குரிய 145/80 ஆர் 12 டயரில் அளவுக்குப் பின் 74 என்றிருக்கும். அது 375 கிலோகிராம் தாங்கும் என்பதற்கான இலக்கம். வேனுக்குரிய 145 ஆர் 12 டயரில் 6 பி.ஆர். என்றோ, 80/78 என்றோ காணப்படும். 80 என்றால் 450 கிலோகிராம். ஒரு டயருக்கு 75 கிலோகிராம் வித்தியாசம், அதாவது ஒன்றரை மூடை கரட். வேனின் பின்பக்கம் மூடைகளை அடுக்கிவிட்டு, கார் டயரில் இறக்கம் இறங்கினால் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடிந்து மடிந்து சூடேறும். பிரேக்கின் சூடும் அதனுடன் சேரும். டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். இந்த வகை வேன்களுக்கு ஜப்பானில் அனுமதிக்கப்பட்ட சுமை 350 கிலோகிராம், ஐம்பது கிலோ மூடையாயின் ஏழு. எட்டாவது மூடையை ஏற்றுமுன் இதை நினைவில் வையுங்கள்.

ரீபில்ட் டயர்கள் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. நல்ல உடம்புள்ள டயரில் ஒழுங்கான தொழிற்சாலை செய்தால் அது கெட்ட பொருளல்ல. ஆனால் கார், வேன் என்பவற்றின் முன் சக்கரத்துக்கு வேண்டாம். பக்கச் சுவரில் புடைப்பு உள்ள டயர் எந்தச் சக்கரத்துக்கும் வேண்டாம். கூரிய கல்லிலும் குழியிலும் அடிபட்டு உள்ளே நூல் அறுந்ததன் அடையாளம் அது. தோட்டப் பாதைகளில் ஓடும் வாகனங்களில் இது சாதாரணம். அதற்கு ஒட்டு இல்லை.

நான்கு டயருக்கும் ஒரே முறையில் பணம் புரட்ட முடியாதவர்கள் இரண்டிரண்டாக மாற்றலாம். ஒன்று மட்டும் மாற்றுவது சரியன்று. ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். புதிய சோடியை எங்கே போடுவது? முன்னுக்கு என்றே கராஜ்காரரும் சொல்வார், சாரதியும் சொல்வார். டயர் உற்பத்தியாளர்களின் அறிவுரை இதற்கு மாறானது: பின்னுக்குப் போடுங்கள். ஈர வளைவில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும். காலைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வாகனமே சுழன்றுவிடும். சாதாரண சாரதியால் அதைத் திருத்த இயலாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடுவதால் அங்கு பிடி மேலும் குறைகிறது. எமது பாதைகளில் வளைவின் வெளிப்புறம் பெரும்பாலும் பள்ளத்தாக்குத்தான். பழையவற்றுள் நல்ல இரண்டை முன்னுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவையும் மொட்டையாயின், நான்குக்கும் பணம் சேரும்வரை மழை நாளில் ஓட்டாதிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டயர் புதிதானாலும் காற்று சரியாக இல்லாவிட்டால் செலவு வீண். அளவு சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஓரங்கள் இரண்டும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை. கொழும்பில் அடித்த காற்று ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்கு வந்ததும் மாறிவிடும் என்று சிலர் பயப்படுவதுண்டு. உயரத்தால் மானியில் மூன்று இறாத்தல் அளவு கூடும், குளிரால் இரண்டு இறாத்தல் அளவு குறையும், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் வாகனம் ஓடுமுன், டயர் ஆறியிருக்கும்போது அளந்தால் போதும்.

உதிரி டயரையும் பாருங்கள். பழைய வாகனங்கள் பலவற்றில் அது வாகனத்துடன் வந்த நாள் முதல் மாற்றப்படாமலே கிடக்கிறது. கடைக்குப் போகும் நாளில் அதை இறக்கி, நான்கு இலக்கங்களையும் வாசித்து, காற்றையும் அளந்துவிட்டு வாருங்கள்.