தற்காப்பை மட்டும் தனியாக எடைபோட முடியுமா?

2022 செப்டம்பர் 3ஆம் தேதி, அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி, சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்ற கணக்கில் வென்றது. அந்த ஏழு புள்ளிகளில் நான்கைத் தேடித் தந்தவர்கள் தற்காப்பு ஆட்டக்காரர்கள். மீதி மூன்று, கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுத்தவை. தாக்குதல் பிரிவினர் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், பரிமாற்ற மாணவியாக நான் அயோவா நகருக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. பருவம் தொடங்க இரண்டு வாரமே இருந்தது. விடுதியிலும் உணவகத்திலும் பேருந்திலும் ஒரே கேள்விதான்: “இந்த வருடம் நம் தற்காப்பு எப்படி இருக்கும்?”

ஒரு கல்லூரி அணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நமக்குத் தோன்றலாம். அயோவா மாநிலத்தில் பெரிய நிபுணத்துவ லீக் அணி எதுவும் கிடையாது. அயோவா நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 75,000. அங்குள்ள கின்னிக் அரங்கின் இருக்கைகள் 69,250. ஆட்ட நாளில் இன்னொரு நகரமே வந்து இறங்கியதுபோல் இருக்கும்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் தாக்குவதற்கு 11 பேர், தற்காப்பதற்கு வேறு 11 பேர். பந்து யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து இவர்கள் மாறி மாறிக் களமிறங்குவார்கள். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாது என்று தெரிந்தால், நான்காவது முயற்சியில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அந்த உதையின் பெயர் ‘பண்ட்’.

எங்கள் விடுதியில் மூன்று கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி, போனவர்களைக் கணக்கெடுத்தது. கல்லூரி அணியில் யாரும் நிரந்தரமில்லை. சில ஆண்டுகள் ஆடுவார்கள், பிறகு போய்விடுவார்கள். 2023இல் மட்டும் லூக்காஸ் வான் நெஸ், ஜேக் கேம்பல், ரைலி மோஸ் ஆகிய மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களை நிபுணத்துவ அணிகள் தேர்ந்தெடுத்தன. முதல் இருவரும் முதல் சுற்றிலேயே தேர்வானவர்கள். கேம்பல் அதற்கு முந்திய பருவத்தில் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை வென்றவர். “இவர்கள் இல்லாமல் எப்படி?” என்பது இந்தக் கட்சியின் வாதம்.

இரண்டாம் கட்சி முறையை நம்பியது. தலைமைப் பயிற்றுநர் கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் பொறுப்பில் இருப்பவர். ஃபில் பார்க்கர் 2012 முதல் தற்காப்பை வழிநடத்துபவர். ஆள் மாறினாலும் பாடம் மாறாது. இரண்டு ஆண்டு காத்திருந்து கற்றவர் மூன்றாம் ஆண்டில் களமிறங்குவார். “ஜே ஹிக்கின்ஸ் இருக்கிறார், வெர்ஜீனியாவிலிருந்து நிக் ஜாக்சன் வந்திருக்கிறார், கூப்பர் டிஜீன் இன்னும் போகவில்லையே” என்றார்கள். டிஜீன் 2022இல் எதிரணியின் பந்தை ஐந்து முறை இடைமறித்து, மூன்றை டச்டவுனாக மாற்றியவர்.

மூன்றாம் கட்சியில் ஒரே ஒருவர். புள்ளியியல் படிக்கும் மூத்த மாணவர். “தற்காப்பு எவ்வளவு நல்லது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று அவர் கேட்டதும் மற்ற இரு கட்சிகளும் ஒரே எண்ணைக் காட்டின. 2022இல் அயோவா ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த புள்ளிகள் 13.3. நாட்டிலேயே மிகக் குறைவான எண்களில் அது ஒன்று.

அவர் அந்த எண்ணைப் பிரித்துக் காட்டினார். அயோவா நிதானமாக ஆடும் அணி. ஆட்டம் மெதுவாகப் போனால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறையும். வாய்ப்பு குறைந்தால் புள்ளியும் குறையும். அடுத்து, பண்ட் உதைப்பவர். மெல்பர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் உதைத்த பந்து பலமுறை எதிரணியின் எல்லைக்கோட்டருகே போய் விழும். அங்கிருந்து டச்டவுன் எடுக்க எதிரணி ஏறக்குறைய களம் முழுவதையும் கடக்க வேண்டும். அப்படியென்றால் 13.3இல் டெய்லரின் காலுக்கும் பங்கு உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. அந்த ஆண்டு 131 முதல்தர அணிகளில், தாக்குதலில் முன்னேறிய தூரத்தின்படி அயோவாவுக்கு 130ஆம் இடம். தாக்குதல் பிரிவு மூன்றே முயற்சிகளில் திரும்பி வந்துவிட்டால், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தற்காப்புப் பிரிவு மீண்டும் களமிறங்க வேண்டும். எனவே அந்த 13.3 முழு அணியும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண் என்பது அவருடைய வாதம்.

வாதம் முற்றியதும், பொது அறையின் வெள்ளைப்பலகையில் ஆளுக்கொரு வரி எழுதச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: எது நடந்தால் நீ சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வாய் என்பதையும் எழுத வேண்டும். சராசரி 17ஐத் தாண்டாவிட்டால் தோல்வியை ஏற்பதாக முதல் கட்சி எழுதியது. 15ஐத் தாண்டினால் ஏற்பதாக இரண்டாம் கட்சி எழுதியது. புள்ளியியல் மாணவர் எழுதியது இது: “அயோவா தோற்கும் ஆட்டங்களுக்குத் தற்காப்பே காரணமாக இருந்தால்.”

தாக்குதலைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே சிரிப்புத்தான். தாக்குதல் பயிற்றுநர் பிரையன் ஃபெரன்ட்ஸ், தலைமைப் பயிற்றுநரின் மகன். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள் எடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்திலேயே சேர்த்திருந்தார்கள். தற்காப்பு ஆட்டக்காரர்கள் எடுக்கும் புள்ளிகளும் அந்தக் கணக்கில் சேரும்!

பருவம் முடிந்தது. அயோவா விட்டுக்கொடுத்த சராசரி 14.8. ஹிக்கின்ஸ் 171 முறை எதிரணியினரை மடக்கினார். நவம்பரில் டிஜீன் காயமடைந்து விலகிய பிறகும் தற்காப்பு சரியவில்லை. நாட்டின் சிறந்த துணைப் பயிற்றுநருக்கான பிராய்ல்ஸ் விருது பார்க்கருக்குக் கிடைத்தது. டெய்லர் 93 பண்ட்களில் 4,479 கெஜம் உதைத்து, ஒரே பருவத்துக்கான தேசியச் சாதனையை முறியடித்தார். இரண்டாம் கட்சி வென்றது.

ஆனால் தோல்விகளைப் பாருங்கள். 14 ஆட்டங்களில் பத்து வெற்றி, நான்கு தோல்வி. பென் ஸ்டேட் 31-0, மிச்சிகன் 26-0, டென்னசி 35-0. மூன்றிலும் அயோவா எடுத்த புள்ளி பூஜ்யம். எதிரணியை ஒரே ஒரு புள்ளியோடு நிறுத்தியிருந்தாலும் இந்த மூன்றையும் வென்றிருக்க முடியாது.

நான்காவது, மினசோட்டாவிடம் 12-10. அன்று நான் அரங்கில் இருந்தேன். எதிரணிக்கு ஒரு டச்டவுன்கூடக் கிடைக்கவில்லை. நான்கு முறை கம்பங்களுக்கு இடையே உதைத்ததில்தான் அந்த 12 புள்ளிகள். கடைசி நிமிடங்களில் டிஜீன் பண்ட் பந்தைப் பிடித்துக் களத்தின் பாதிக்கு மேல் ஓடிப்போய் டச்டவுன் எடுத்தார். பந்து வரும்போது அவர் கையசைத்த விதம் விதிக்குப் பொருந்தவில்லை என்று நடுவர்கள் அதை ரத்து செய்தார்கள். அரங்கம் கொந்தளித்தது. எனக்கு வேறொன்று உறைத்தது. வெற்றிப் புள்ளியை எடுக்கவும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்தான் ஓட வேண்டியிருந்தது.

தாக்குதலின் சராசரி 15.4இல் நின்றது. பிரையன் ஃபெரன்ட்ஸ் அடுத்த பருவத்தில் தொடரமாட்டார் என்று அக்டோபர் இறுதியிலேயே பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது.

இரண்டு வாரம் நாங்கள் விவாதித்தது, அணியின் பலமான பகுதியைப் பற்றி. பெருமையாகப் பேச முடிந்த இடம் அதுதான். பருவத்தின் முடிவை எழுதியதோ, சிரித்து ஒதுக்கிய பகுதி. நன்றாக வரும் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும் பழக்கம் நம்மிலும் பலருக்கு உண்டு. குழுப் பணியில் ஒருவரே எல்லாச் சுமையையும் தாங்கி, குழு முழுவதும் நல்ல மதிப்பெண் பெறுவதையும் பார்த்திருக்கிறோம். அந்த ஒருவர் களைத்துப்போகும் நாள்வரை மதிப்பெண்ணில் எதுவும் தெரியாது.

ஹரிமாவ் மலாயாவோ சிங்கப்பூரின் சிங்கங்களோ களமிறங்கும்போது, “தற்காப்பு மோசம்” என்றோ “தற்காப்பு பிரமாதம்” என்றோ யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எந்த எண்ணை வைத்துச் சொல்கிறாய்? அந்த எண்ணில் வேறு யாருக்குப் பங்கு? எது நடந்தால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரோடு இரவு முழுவதும் வாதிடலாம். அலுக்காது.